கொடிமலையில் மைசூர்ப் பருப்பு

சில நிறங்கள் எனக்குச் சரியாகத் தெரியாது என்பதை முப்பத்திரண்டு வயதில்தான் அறிந்துகொண்டேன். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மைசூர்ப் பருப்பு.

அப்போது நான் பினாங்கில், பயிர்களைப் பற்றி ஆராயும் ஒரு சின்ன அரசாங்க ஆபீசில் கடிதங்களைப் படியெடுக்கும் கிராணியாக இருந்தேன். மொத்தம் ஐந்து பேர். எங்களுக்கு மேலே ஒரு துரை. ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தமாட்டார், சிரிப்பதும் அபூர்வம். வந்த புதிதில் ரப்பர் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தோட்டத்துத் தமிழர்கள் தினமும் தின்கிற பருப்பு எங்கிருந்து வருகிறது? எல்லாம் இந்தியாவிலிருந்து கப்பலில்தான் என்றேன். இங்கே யாரும் விதைத்துப் பார்க்கவில்லையா என்றார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். ஒரு வாரம் கழித்து, ஊருக்கு வந்திறங்கும் முழு மைசூர்ப் பருப்பில் எத்தனை ரகம் கிடைக்குமோ அத்தனையிலும் ஒரு கைப்பிடி வாங்கி வரச் சொன்னார். உடைத்த பருப்பு முளைக்காது. தோலோடு இருக்க வேண்டும்.

அதற்கு நான் போன இடம், கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மொத்த வியாபாரம் செய்துவந்த ஒரு முஸ்லிம் அண்ணனின் கடை. நாகூர்ப் பக்கத்துக்காரர். துறைமுகத்தருகே சரக்கு அடுக்கி வைக்க அவருக்கு ஒரு கிட்டங்கியும் இருந்தது. கல்கத்தாக் கப்பல் வந்தால் அவருடைய சாக்குகள்தான் முதலில் இறங்கும் என்பார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஒங்க தொரைக்குப் பருப்பு தின்ன ஆசையா, எண்ண ஆசையா?"

எண்ணத்தான் ஆசை என்றேன். பருப்பு பருப்புதானே, அதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டே ஒரு சாக்கை அவிழ்த்துக் கையை விட்டார். பிறகு பக்கத்துச் சாக்கில் விட்டார். மூன்றாவது சாக்குக்கு வந்தபோது அவர் முகம் மாறிவிட்டது. இது பாட்னாச் சரக்கு, பொடிசு. இது அதற்கும் மேற்கேயிருந்து வருவது, கொஞ்சம் தட்டை. இது வேகவே வேகாது, சாப்பாட்டுக்கடைக்காரர்கள் திட்டுவார்கள் என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். இருபது வருஷமாக அவர் கைக்குத் தெரிந்த விஷயத்தை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அன்றைக்குப் பதினொரு பொட்டலம் கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கப்பலுக்கும் அவரே ஆள் அனுப்பினார். இந்தியாவிலிருந்து துரைக்குத் தெரிந்தவர்களும் தபாலில் விதை அனுப்பினார்கள். எல்லாம் சேர்ந்து அறுபதைத் தாண்டின.

இத்தனை எதற்கு என்று துரையிடம் ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஒரே மாதிரியான பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால் பத்துப் பேரும் படுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு மாதிரியாக இருந்தால் யாராவது ஒருவன் எழுந்து நடப்பான். எழுந்து நடக்கிற அந்தச் செடியைத்தான் நாம் தேட வேண்டும், அதை இன்னொன்றோடு சேர்த்து நல்ல ரகம் உண்டாக்க வேண்டும். ஆனால் தேடுவதற்கு முன்னால், நம்மிடம் உள்ளவை உண்மையில் எவ்வளவு வேறுபட்டவை என்று அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ரகத்துக்கு அறுபது சீட்டு ஒட்டி வைத்துக்கொண்டு ஏமாந்துபோவோம்.

அளக்கும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் நூறு விதை எண்ணித் தராசில் வைப்பேன். பத்து விதையின் அகலத்தை ஒரு கவ்வியால் அளப்பேன். தோலில் புள்ளி உண்டா, வரி உண்டா, சும்மா இருக்கிறதா என்று எழுதுவேன். கடைசியாகச் சில விதைகளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தோலை உரித்து, உள்ளே பருப்பு என்ன நிறம் என்று எழுதுவேன். மைசூர்ப் பருப்பு என்றால் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறம்தான் ஞாபகம் வரும். ஆனால் உள்ளே மஞ்சளாக இருப்பதும் உண்டு, பச்சையாக இருப்பதும் உண்டு. அந்த நிறம் விதையோடு பிறந்தது, மண்ணாலும் மழையாலும் மாறாது, ஆகவே ரகம் பிரிக்க அது நல்ல அடையாளம் என்பது துரையின் கணக்கு.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கடிதங்களைப் படியெடுத்துப் படியெடுத்துச் சலித்துப் போயிருந்தவனுக்கு, ஒரு கைப்பிடி விதைக்குள் இவ்வளவு இருக்கிறது என்பது புதுமையாக இருந்தது. முக்கியமாகத் தோலின் வரிகள். பார்ப்பதற்கு ஒரே சாம்பல் நிறமாகக் கிடக்கும் குவியலில் சில விதைகளின் மேல் சலவைக்கல்லில் ஓடுவதுபோல் வரி ஓடும். சிலவற்றில் ஊசிமுனையால் குத்தியதுபோல் புள்ளி இருக்கும். ஒருமுறை, ஒரே ரகம் என்று வந்த ஒரு பொட்டலத்தை நான் இரண்டாகப் பிரித்து வைத்தேன். துரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார். கண்ணாடி இல்லாமலா பிரித்தாய் என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை.

துரைக்கு ஒரு வழக்கம். அளந்து முடித்த பொட்டலங்களில் சிலவற்றை எடுத்து, பழைய எண்ணை மறைத்துப் புது எண் போட்டு, மறுபடியும் என்னிடமே கொடுப்பார். இரண்டு தடவையும் ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பதற்காக. எடை சரியாக வந்தது. அகலம் சரியாக வந்தது. வரியும் புள்ளியும் அச்சுப் போல வந்தன. உள்நிறம் மட்டும் கன்னாபின்னாவென்று இருந்தது. முதல் தடவை ஆரஞ்சு என்று எழுதியதை அடுத்த தடவை பச்சை என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு தாள்களையும் என் முன்னால் அருகருகே வைத்தார். வெற்றிடமாக விட்டிருந்தால் பரவாயில்லை, பார்க்காமல் எழுதுவதுதான் கெடுதல் என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் பார்க்காமல் எழுதவில்லை. ஒவ்வொரு விதையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் எழுதினேன். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? அந்தச் சனிக்கிழமை, சரியில்லை என்று சொல்லப்பட்ட பொட்டலங்களில் கொஞ்சம் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. மனைவி கன்னியர் மடத்துப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குப் பூத்தையல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மாதா கோவில் பீடத்துத் துணிகளுக்குப் பூ வேலை செய்வதும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான் சாப்பாட்டு மேசையில் ஆறு பீங்கான் தட்டுகளைப் பரப்பி, ஊறிய விதைகளை உரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று தட்டு ஆரஞ்சு, மூன்று தட்டு பச்சை என்று எனக்கு நானே பிரித்து வைத்திருந்தேன். அவள் காப்பியோடு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஏன் எல்லாவற்றையும் கலந்து வைத்திருக்கிறீர்கள் என்றாள்.

"கலக்கலையே. பிரிச்சுல்ல வச்சிருக்கேன்."

அவள் காப்பியைக் கீழே வைத்தாள். ஒரு தட்டிலிருந்து இரண்டு பருப்புகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது ஒண்ணு பச்சைங்க, இது ஆரஞ்சு. ரெண்டும் ஒண்ணுன்னா சொல்றீங்க?"

எனக்கு இரண்டும் பழைய பித்தளை மாதிரிதான் தெரிந்தன. ஒன்று கொஞ்சம் மங்கல், அவ்வளவே. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாடவில்லை. உள்ளே போய்த் தையல் பெட்டியைக் கொண்டு வந்து, நூல் சுருள்களை மேசையில் கொட்டி, பச்சைச் சுருள்களை மட்டும் எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் அவற்றில் நாலைந்தைப் பொறுக்கித் தனியே வைத்தாள். நான் கொடுத்ததில் பழுப்பு இருந்ததாம், சிவப்பில் ஒரு வகை இருந்ததாம்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் பழைய விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். பழுத்தால் சிவக்கும் ரம்புத்தான் வாங்கப் போனால் நான் ஏன் எப்போதும் காயாகவே வாங்கி வருகிறேன் என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள். முதல் வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த கரும்பச்சைச் சேலை உண்மையில் செங்கல் நிறம் என்பதை, என் மனம் நோகக் கூடாது என்று அவள் நான்கு வருஷமாகச் சொல்லவே இல்லை. இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் ஆபீஸ் ஞாபகம் வந்தது. நிறம் தெரியாதவனை நிறம் எழுதும் வேலையில் யார் வைத்திருப்பார்கள்?

அடுத்த இரண்டு வாரம் நான் செய்தது சரியல்ல. விதைகளை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவள் நிறம் சொன்னாள். நான் என் கையெழுத்தில் எழுதி ஆபீசில் கொடுத்தேன். துரை மறுபடியும் எண்ணை மறைத்துச் சோதித்தார். எல்லாம் பொருந்தின. இப்போது கவனமாகச் செய்கிறாய் என்று அவர் பாராட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் அது பிடிக்கவில்லை. சொல்லிவிடுங்கள் என்று தினமும் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்டேன்.

இதற்கிடையில் டிசம்பர் மழை ஓய்ந்து, கொடிமலையில் விதைப்பு நடந்தது. கீழே, தஞ்சோங் என்று நாங்கள் சொல்லும் பட்டணத்தின் புழுக்கத்தில் மைசூர்ப் பருப்பு நிற்காது, அது குளிர்காலப் பயிர். அதனால் மலைமேல், ஒரு சீனக் காய்கறித் தோட்டக்காரரிடம் நாலைந்து படிப்பாத்திகளை வாடகைக்கு எடுத்திருந்தார் துரை. டிராமில் ஆயர் ஈத்தாம் வரை போய், அங்கிருந்து மலை ரயில் ஏறி, பாதியில் வண்டி மாறி மேலே போவோம். மேலே இறங்கினால் மூச்சே வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு வரிசை. வரிசைத் தலைப்பில் எண் எழுதிய மூங்கில் சிம்பு. விதைத்துப் பத்து நாளில் நூல் நூலாக முளை எழும்பியிருந்தது.

துரை குனிந்து பார்த்து உற்சாகமானார். சில வரிசைகளில் தண்டு சிவந்திருக்கிறது, சிலவற்றில் சுத்தப் பச்சை, இதுவும் ஓர் அடையாளம் என்றார். பதிவேட்டை என் கையில் கொடுத்து, வரிசையாக நடந்து ஒவ்வொன்றின் தண்டு நிறத்தையும் சொல்லி எழுதச் சொன்னார். அவர் பின்னாலேயே வந்தார்.

முதல் வரிசையில் குனிந்தேன். தண்டு தெரிந்தது, இலை தெரிந்தது, இலையின் மேல் பனித்துளி தெரிந்தது. நிறம் தெரியவில்லை. மனைவி மலைக்குக் கீழே பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஊகித்து ஒன்று சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். வாய் வரவில்லை. நிமிர்ந்து, பதிவேட்டை மூடி, எனக்குத் தெரியாது ஐயா என்றேன். எது தெரியாது என்றார். சிவப்பும் பச்சையும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆரம்பித்ததை முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. கடைசி இரண்டு வாரத்து நிறங்களை எழுதியது என் கை, பார்த்தது என் மனைவியின் கண் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் பதிவேட்டை மறுபடியும் திறக்கச் சொன்னார். தானே குனிந்து தண்டுகளைப் பார்த்து நிறம் சொன்னார், நான் எழுதினேன். மாலையில் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து இறங்கினோம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் சொன்னேன். நாளைக்கு வேலை இருக்குமா தெரியவில்லை என்றேன். அவள் சாதம் பரிமாறிக்கொண்டே பதில் சொன்னாள்.

"வேல போனா போவட்டும்லா. பொய் எழுதுனாருன்னு பேர் வரலல்ல, அது போதும்."

மறுநாள் துரை ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்துத் துறைமுக டாக்டரிடம் அனுப்பினார். கப்பலுக்கு வழிகாட்டுகிறவர்களுக்குச் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் தெரிகிறதா என்று சோதிக்கிறவர் அவர். அவரிடம் ஒரு மரப்பெட்டி நிறையக் கம்பளி நூல் கொத்துகள் இருந்தன. என் மனைவியின் தையல் பெட்டியில் நடந்த அதே பரீட்சை இங்கேயும் நடந்தது. இது நோய் இல்லை, பிறவியிலேயே சிலருக்கு இப்படித்தான், ஆண்களில் பலருக்கு உண்டு, பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது என்று அவர் சொன்னார். கப்பல் ஓட்டப் போகிறாயா என்று கேட்டார். இல்லை, பருப்பு எண்ணுகிறேன் என்றேன். அப்படியானால் பயமில்லை என்று சிரித்தபடி சீட்டு எழுதிக் கொடுத்தார்.

துரை அந்தச் சீட்டைப் படித்துவிட்டு இரண்டாக மடித்தார். முதல் இரண்டு மாதத்து நிறப் பதிவுகள் அத்தனையையும் குறுக்கே கோடு போட்டு அடிக்கச் சொன்னார். அடித்தேன். பிறகு கேட்டார், உன் மனைவி சனிக்கிழமைகளில் ஆபீசுக்கு வர முடியுமா?

நான் எதிர்பார்த்தது வேறு. அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் ஐயா என்றேன்.

மடத்துச் சகோதரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் வந்தாள். நீலக் கரைச் சேலை என்று அவளே சொன்னாள். நீலம் எனக்குத் தெரியும். துரை முதலில் அவளைச் சோதித்தார். ஆரஞ்சு என்று தானே எழுதி வைத்திருந்த பன்னிரண்டு பொட்டலங்களைக் கொடுத்தார். அவள் அவற்றை மூன்று குவியலாகப் பிரித்தாள். எல்லாம் ஒன்றுதானே என்று அவர் கேட்க, மடத்தில் படித்த திருத்தமான இங்கிலீஷில், இது ஆரஞ்சு, இது செம்மறியாட்டு ஈரல் நிறத்துக்குப் பக்கம், இது வெளுத்த ஆரஞ்சு, கோவில் துணியில் இந்த மூன்றையும் ஒன்றாகத் தைத்தால் ஃபாதர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று சொன்னாள். துரை வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நிறத்துக்கு அவள், எடைக்கும் வரிக்கும் உயரத்துக்கும் நான் என்று ஆனது. அவளுக்கென்று தினக்கூலியும் போட்டுக் கொடுத்தார்.

அப்படி மூன்று வருஷம் மலைக்குப் போய் வந்தோம். பெரும்பாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். ரயிலின் மர இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, கீழே கடலும் கப்பல்களும் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி போவோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. பாத்தியில் அவள் ஒரு பக்கம் பூவின் நிறத்தைச் சொல்லிக்கொண்டு வருவாள், வெள்ளை, ஊதா, வெள்ளையில் ஊதா நரம்பு என்று. நான் மறுபக்கம் கோலால் உயரம் அளந்து வருவேன். சீனத் தோட்டக்காரர் தன் முட்டைக்கோசுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எங்களைப் பார்த்துத் தலையாட்டுவார். இத்தனூண்டு செடியை இத்தனை பேர் அளக்கிறீர்களே, எப்போது சாப்பிடுவீர்கள் என்று மலாயில் ஒருமுறை கேட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனோம்.

உண்மையைச் சொன்னால், பருப்பு அங்கே சரியாக வரவில்லை. முதல் வருஷம் பாதி வரிசை மழையில் கறுத்து அழுகியது. மீதியில் பெரும்பாலானவை தளதளவென்று இலைவிட்டுக்கொண்டே போயின, பூக்கவில்லை. தன் ஊரில் இந்தச் செடி பகல் நீளும்போது பூக்கும், இங்கே வருஷம் முழுக்கப் பகல் ஒரே அளவு, அதனால் எப்போது பூப்பது என்று அதற்குப் புரியவில்லை என்றார் துரை. ஆனால் எல்லாம் அப்படி இல்லை. ஏழு வரிசைகள் மட்டும் பகலைப் பற்றிக் கவலைப்படாமல் பூத்தன. அதில் ஒன்று மற்ற ஆறையும்விட இரண்டு வாரம் முந்திக்கொண்டது. அது, நான் இரண்டாகப் பிரித்த பொட்டலத்தின் வரியோடிய பாதி. புள்ளி வைத்த பாதி கடைசி வரை பூக்கவே இல்லை. பிரிக்காமல் விதைத்திருந்தால் அந்த ஒன்று கூட்டத்தில் தொலைந்துபோயிருக்கும் என்று துரை என்னிடம் சொன்னார். அவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் வருஷ முடிவில் துரைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பினாங்கில் மைசூர்ப் பருப்பு பயிராகாது என்பதுதான் அவர் எழுதிய அறிக்கையின் முடிவு. அதை எழுதுவதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அளந்து தெரிந்துகொண்டோம், அவ்வளவுதானே என்றார். பூத்த ஏழு ரகங்களின் விதையையும், அறுபது சொச்சம் ரகங்களின் முழு அட்டவணையையும் வட இந்தியாவில் புதுப் பருப்பு ரகம் உண்டாக்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு அனுப்பி வைத்தார். பெட்டியை நானே கப்பலில் ஏற்றிவிட்டு வந்தேன். கிட்டங்கி அண்ணன், தன் சாக்கிலிருந்து போன விதை திரும்ப அது பிறந்த ஊருக்கே போகிறது என்று எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அவர் கடை மேசையில் அப்போது சின்னத் தகர டப்பாக்கள் வரிசையாக நின்றன. சாக்கில் விசித்திரமான விதை எதைக் கண்டாலும் அதில் போட்டு வைப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டிருந்தது.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஒன்றும் தெரியவில்லை. நான் பழையபடி கடிதங்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு மகள் பிறந்திருந்தாள். அப்போது வட இந்தியாவிலிருந்து ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. முந்திப் பூக்கும் அந்த ரகத்தைத் தங்கள் ஊர்ப் பெரிய விதை ரகத்தோடு சேர்த்திருப்பதாகவும், பிள்ளைச் செடிகள் நன்றாக வந்திருப்பதாகவும், மழை முந்தி நின்றுவிடும் ஜில்லாக்களுக்கு அது உதவக்கூடும் என்றும் எழுதியிருந்தார் அந்த மனிதர். கடைசியில் ஒரு கேள்வியும் இருந்தது. அட்டவணையில் நிறங்களை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர் யார்? தங்கள் ஆட்களால் அப்படி முடியவில்லை. புதுப் பிள்ளைச் செடிகளின் விதையை அனுப்பினால் அவர் பார்த்துத் தருவாரா?

புது அதிகாரி கடிதத்தை என்னிடம் நீட்டி, யார் இது என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்றேன்.

முதல் பார்சல் மூன்று மாதத்தில் வந்தது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்துகொண்டிருந்தது. பார்சல் வருகிற வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை விதைக்கே சொந்தம். நாங்கள் தரையில் பாய் விரித்துச் சாப்பிடுவோம். காலை வெளிச்சம் நன்றாக இருக்கும்போது அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மகளை ஒரு கையால் மடியில் பிடித்துக்கொண்டு, மறுகையால் பருப்பைத் தள்ளித் தள்ளி நிறத்தைச் சொல்வாள். நான் எதிரே உட்கார்ந்து, அவள் சொல்வதை அப்படியே எழுதுவேன்.